கொள்ளுத் தாத்தாவைத் தேடும் வழி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கொள்ளுத் தாத்தா சென்னைக் கடற்கரையில் மசூலாப் படகு ஓட்டியவர் என்று எங்கள் ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டு டிரங்குப் பெட்டியில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, ‘பெத்ருஸ்’ என்ற பெயரில் லத்தீனில் எழுதிய ஞானஸ்நானச் சான்று. இரண்டாவது, 1898ஆம் ஆண்டில் அவர் எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம். மூன்றாவது, துன்மதி வருஷம் ஆவணி மாசம் நடந்த என் தாத்தாவின் கல்யாணத்து மொய் நோட்டு. ‘எம்டன் குண்டு போடுவதற்கு முந்தியே மாமனார் போய்விட்டார்’ என்பது ஆயாவின் வார்த்தை. இவற்றைக் கொண்டு அவருடைய வாழ்க்கையை அறிய முடியுமா? எங்கே தொடங்குவது?
– வாசகி, இராயபுரம்

பதில்: முடியும். உங்கள் கையில் இருப்பது பலருக்கும் வாய்க்காத அளவு. பெயர் ஒன்றை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. அங்கே கோப்புகள் துறைவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அடுக்கப்பட்டிருக்குமே தவிர, குடும்பவாரியாக அல்ல. ஆகவே பெட்டியில் இருக்கும் மூன்றையும் எழுத்து விடாமல் படித்து, ஆண்டு, இடம், தொழில் என்ற மூன்றும் ஓரளவு திரண்ட பிறகே வெளியே தேடப் போக வேண்டும்.

ஒவ்வொரு தாளையும் எடுக்கும்போது, இது எதற்காக எழுதப்பட்டது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதி வாங்கியவருக்குக் கொடுத்த கடன் திரும்பி வர வேண்டும்; பங்குத்தந்தைக்கு ஞானஸ்நானம் முறைப்படி நடந்ததற்குச் சான்று வேண்டும்; மொய் எழுதியவருக்கு நாளைக்கு யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது தெரிய வேண்டும். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் கதையைச் சொல்லும் நோக்கம் மூவருக்குமே இல்லை. அவரவர் காரியத்துக்கு வேண்டியதை மட்டும் எழுதினார்கள் என்பதை மனத்தில் வைத்தால், ஒரு தாளில் ஒரு செய்தி இல்லாததைக் கண்டு அது நடக்கவே இல்லை என்று முடிவு கட்டமாட்டீர்கள்.

முதலில் பத்திரத்தை எடுங்கள். அந்தக் காலத்துப் பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவரின் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரும், இருக்கும் இடமும், பெரும்பாலும் மதம், ஜாதி, ஜீவனம் ஆகியவையும் வரும். தகப்பனார் பெயர் கிடைத்த அந்த வரியிலேயே நீங்கள் ஒரு தலைமுறை மேலே ஏறிவிட்டீர்கள். அடுத்ததாக நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியைப் பாருங்கள். ‘இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்குத் தெற்கு’ என்று வரும் அந்தப் பெயர்களை யாரும் கவனிப்பதில்லை. கடற்கரைக் குடியிருப்பில் பக்கத்து மனைக்காரர் பெரும்பாலும் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட மனையாக இருந்தால் செக்குபந்தியே பாதி வம்சாவளியைச் சொல்லிவிடும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் எழுதி வையுங்கள். வீட்டை அடமானம் வைக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்க அழைக்கப்படுபவர் வழிப்போக்கராக இருக்கமாட்டார்.

பிறகு பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். பதிவு செய்த சார்பதிவாளரின் முத்திரையோடு புத்தக எண், தொகுதி, பக்கம், ஆவண எண், ஆண்டு ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அசையாச் சொத்து ஆவணங்கள் 1ஆம் புத்தகத்தில் பதிவாகும். அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களின் வரிசையில் ஒன்று, சொத்தின் வரிசையில் மற்றொன்று. சொத்து அட்டவணையைத் தேடச் சொன்னால், அடமானம் மீட்கப்பட்டதா, வீடு பின்னால் கிரயத்துக்குப் போனதா என்பது தெரியவரும். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு, அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். சார்பதிவகங்களின் எல்லைகள் பலமுறை மாறியிருப்பதால், 1898ஆம் ஆண்டுத் தொகுதி இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்வது வீண் அலைச்சலைக் குறைக்கும்.

ஞானஸ்நானச் சான்றில் இரண்டு தேதிகள் இருக்கும். மேலே இருப்பது ஞானஸ்நானம் கொடுத்த தேதி. கீழே, கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது நகல் எடுத்துக் கொடுத்த தேதி. இத்தகைய நகலைப் பொதுவாகத் திருமணத்துக்காகவே வாங்குவார்கள். ஆகவே கீழேயுள்ள தேதி அவருடைய கல்யாணம் நடந்த காலத்தை ஒட்டியதாக இருக்கலாம். ‘பெத்ருஸ்’ என்பது லத்தீன் ஏட்டுக்கான வடிவம். வீட்டிலும் குப்பத்திலும் அவர் ராயப்பன் என்றே அழைக்கப்பட்டிருப்பார். அவ்வாறே பவுலுஸ் என்பவர் சின்னப்பன், யோவான்னெஸ் என்பவர் அருளப்பன், ஸ்தெபானுஸ் என்பவர் முடியப்பன், யோசேபுஸ் என்பவர் சூசை. பத்திரத்தில் ராயப்பன், சான்றில் பெத்ருஸ், வேறொரு தாளில் பீட்டர் என்று இருந்தால் மூன்று பேர் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். அதே சமயம், ராயப்பர் பெயரைத் தாங்கியவர்கள் இராயபுரத்தில் தெருவுக்குத் தெரு இருந்திருப்பார்கள் என்பதால், தகப்பனார் பெயரும் பொருந்தினால்தான் அவர் உங்களவர்.

மூல ஏட்டில் பெற்றோர் பெயரோடு ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களும் இருக்கும். கத்தோலிக்கக் குடும்பங்களில் இவர்கள் நெருங்கிய உறவினராக இருப்பதே வழக்கம் என்பதால், ஆண் வழிப் பத்திரங்களில் பெயரே வராத அத்தைகளும் பெரியம்மாக்களும் இங்கேதான் முகம் காட்டுவார்கள். 1908 ஈஸ்டர் முதல், ஒருவரின் திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் வந்தது. உங்கள் கொள்ளுத் தாத்தாவின் கல்யாணம் அதற்கு முந்தியது. அவருடைய பதிவின் ஓரம் வெறுமையாக இருந்தால் வியப்பில்லை. உங்கள் தாத்தாவின் பதிவில் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும்.

எந்த ஆலயத்தில் கேட்பது என்பது சென்னையில் சற்றுச் சிக்கலான விஷயம். 1606இல் ஏற்பட்ட மயிலாப்பூர் சாந்தோம் மறைமாவட்டம் போர்த்துக்கீசிய அரசின் ஆதரவில் இயங்கியது. கோட்டையை ஒட்டிய நகரத்தில் 1642 முதல் கப்புச்சின் துறவிகள் பணியாற்றினர். அந்த வழியில் 1832இல் சென்னைக்குத் தனி ஆயர் நிர்வாகம் வந்தது. இரண்டும் இணைந்து சென்னை–மயிலாப்பூர் உயர் மறைமாவட்டம் ஆனது 1952இல்தான். அதுவரை ஒரே நகரில் அடுத்தடுத்த பங்குகள், அதாவது ஒவ்வோர் ஆலயத்துக்கும் உட்பட்ட பகுதிகள், வெவ்வேறு நிர்வாகத்தில் இருந்தன. ஒரு பக்கத்து ஏடுகள் போர்த்துக்கீசிய மொழியிலும் மறுபக்கத்து ஏடுகள் லத்தீனிலும் இருக்கக்கூடும். படகுக்காரச் சமூகத்தாரின் பணத்தில் எழுந்த இராயப்பர் ஆலயத்தில் பதிவு கிடைக்காவிட்டால், அவருடைய தாய் வீட்டுப் பங்கிலும் கேளுங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடந்திருந்தால் ஞானஸ்நானமும் அங்கேயே நடந்திருக்கலாம். பங்குத்தந்தைக்கு எழுதும் கடிதத்தில் பெயர், தகப்பனார் பெயர், ஏறத்தாழ ஆண்டு ஆகிய மூன்றையும் கொடுங்கள். ஏட்டை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தத் தாள்கள் தொட்டால் பொடிந்துவிடும் நிலையில் இருக்கும்.

மொய் நோட்டைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது மிகவும் வளமானது என்பதே. துன்மதி வருஷம் 1861, 1921, 1981 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் தாத்தாவின் கல்யாணம் என்பதால் 1921 ஆகஸ்டு பாதியிலிருந்து செப்டம்பர் பாதிக்குள் நடந்தது என்று கொள்ளலாம். நோட்டில் ஊர் பெயரோடு வரும் ஒவ்வொரு வரியையும் தனியாக எழுதுங்கள்: பழவேற்காடு, எண்ணூர், திருவொற்றியூர், கோவளம் என்று எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் மொய் எழுதினார்கள் என்று பார்த்தால், அந்தக் குடும்பம் எங்கே பெண் எடுத்தது, எங்கே பெண் கொடுத்தது என்பது வரைபடம் போலத் தெரியும். பெரிய தொகை எழுதியவரையும், தாய்மாமன் சீர் செய்தவரையும் முதலில் அடையாளம் காணுங்கள். தாய்மாமன் தெரிந்தால் உங்கள் கொள்ளுப் பாட்டியின் பிறந்த வீடு தெரிந்துவிட்டது என்று பொருள்.

இறப்பைப் பற்றி ஆயா சொன்னது பயனுள்ள செய்தி. எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது 1914 செப்டம்பர் 22 இரவில். 1898இல் பத்திரம் எழுதியவர் 1914இல் இல்லை என்றால், தேட வேண்டியது 16 ஆண்டுகள் மட்டுமே. ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டையும் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் இந்த எல்லைக்குள் தேடச் சொல்லலாம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969இன் 17ஆம் பிரிவின்படி கட்டணம் செலுத்தி எவரும் பதிவைத் தேடச் சொல்லி நகல் கேட்க முடியும். இறப்பின் காரணம் மட்டும் அந்த நகலில் தரப்படாது. அடக்கப் பதிவேட்டில் வயது 50 என்றோ 60 என்றோ முழு எண்ணாக இருந்தால் அதை நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிட வேண்டாம். துக்க வீட்டில் யாரோ தோராயமாகச் சொன்ன வயது அது.

இனி அவருடைய தொழில். துறைமுகம் இல்லாத நாளில் கப்பல்கள் கரைக்கு வராமல் ஆழ்கடலில் நங்கூரம் இட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அலையைக் கடந்து வருவது மசூலாப் படகில். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதும்போது மரம் வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. 1861இல் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர் புயல் அந்தச் சுவர்களைக் கலைத்துப் போட்டது. 1890களின் நடுவில்தான் வேலை ஒருவாறு முடிந்தது. அதாவது, உங்கள் கொள்ளுத் தாத்தா தொழிலுக்கு வந்தபோது இருந்த பிழைப்பு, அவர் வீட்டை அடமானம் வைத்தபோது கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. 1898 பத்திரத்தில் ஜீவனம் என்று மீன்பிடி தொழிலோ துறைமுகக் கூலியோ எழுதியிருந்தால், ஆயா தவறாகச் சொன்னார் என்று எண்ணாதீர்கள். இரண்டும் உண்மையாக இருக்க இடமுண்டு. அடமானம் வைக்க நேர்ந்த காரணமும் ஒருவேளை இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கடன் எதற்கென்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு எழும்பூருக்குப் போங்கள். மசூலாப் படகுகள் எண் இடப்பட்டு, உரிமம் பெற்று, மாஸ்டர் அட்டெண்டண்ட் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் ஓடின. அந்தக் கோப்புகளில் சாதாரணப் படகோட்டியின் பெயர் கிடைப்பது அரிது. படகுக்குத் தலைவனான தண்டலின் பெயர் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதுவும் விபத்தோ, அபராதமோ, கூலி கேட்டுக் கொடுத்த மனுவோ இருந்தால்தான்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்கள் இரண்டில் இரண்டு வேறு ஜாதிப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எது சரி?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: எழுதிய குமாஸ்தாவுக்கு எது பழக்கமோ அது. பட்டினவர், பரதவர், செம்படவர், மீனவர் என்ற பெயர்களை ஒவ்வொரு கால அலுவலகமும் ஒவ்வொரு விதமாகக் கையாண்டது; மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரிகளும் பத்தாண்டுக்கு ஒரு முறை கூட்டியும் பிரித்தும் எழுதினார்கள். இரு பத்திரங்களும் ஒரே குடும்பத்துடையவையா என்பதைத் தகப்பனார் பெயரையும் செக்குபந்தியையும் கொண்டு தீர்மானியுங்கள்.

கேள்வி: எங்கள் பூர்வீகம் தூத்துக்குடி, மூன்று தலைமுறையாகப் பெரம்பூரில் இருக்கிறோம். பெர்னாண்டோ என்ற பெயர் இருப்பதால் எங்கள் முன்னோர் போர்த்துக்கீசியர் என்று என் மருமகன் சொல்கிறார். அப்படியா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் பெருந்திரளாகக் கிறிஸ்தவம் தழுவினர். பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தது அதற்குப் பின், 1542இல். பெர்னாண்டோ, கோமஸ், மச்சாடோ, மோத்தா போன்ற பெயர்கள் ஞானஸ்நானத்தோடு வந்து சேர்ந்தவை. இரத்த உறவுக்கு அவை சான்றாகா. ஒரே பெயரைத் தாங்கியவர்கள் எல்லாரும் பங்காளிகள் என்றும் கொள்ள வேண்டாம். ஆயிரக்கணக்கான பெர்னாண்டோக்களுக்கு நடுவே உங்கள் வீட்டாரைப் பிரித்துக் காட்டுவது ஊர்தான். வேம்பாறு முதல் மணப்பாடு வரையிலான கடற்கரையில் எந்த ஊர் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இல் ஏற்பட்டது. அதற்கு முந்திய நிர்வாகக் கடிதங்கள் வேறிடத்தில் இருக்கலாம். பங்கின் ஞானஸ்நான, திருமண ஏடுகளைக் கேட்க வேண்டிய இடம் அந்தந்த ஊர் ஆலயமே.

கேள்வி: நாங்கள் மெரினாவை ஒட்டிய குப்பத்தைச் சேர்ந்த இந்துக் குடும்பம். கோயில் ஏடு என்று எதுவும் இல்லை, மனைக்குப் பத்திரமும் கிடையாது. இருந்த சில தாள்களும் சுனாமியில் போய்விட்டன. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: குப்பங்களின் நிலம் பெரும்பாலும் புறம்போக்காகவே கணக்கில் இருந்ததால் கிரயப் பத்திரம் இராது, அது உங்கள் குடும்பத்தின் குறையன்று. ஆனால் கடற்கரை ஊருக்கென்று சொந்தக் கணக்கு உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்கிய நோட்டுகளும், அம்மன் திருவிழாவுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கும் ஊர்த் தலைவரான நாட்டார் வீட்டுப் பரணில் கிடக்கலாம். கல்யாணமான ஆணைத் தனித் தலைக்கட்டாக எண்ணும் ஊர்களில், ஒருவர் பெயர் நோட்டில் முதலில் ஏறிய ஆண்டு அவருடைய திருமணக் காலத்தையும் காட்டிவிடும். பஞ்சாயத்தாரிடம் வெறுங்கையோடு போய் நோட்டைக் கேட்டால் ஏதோ வழக்குக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைப்பார்கள். வயதில் மூத்த உறவினர் ஒருவரை அழைத்துச் சென்று, காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அரசுப் பக்கத்தில், 1951–52 பொதுத்தேர்தல் தொடங்கிய பழைய வாக்காளர் பட்டியல்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு, மாநகராட்சிப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றைத் தேடலாம். 1970இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்ட பின் கட்டிய குடியிருப்பில் உங்களுக்கு வீடு கிடைத்திருந்தால், ஒதுக்கீட்டு ஆணையில் அன்றைய குடும்பத் தலைவர் பெயர் இருக்கும். அந்த வாரியம் 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இயங்குகிறது. பள்ளிப் பதிவேட்டில் தகப்பனார் பெயரை நம்புங்கள், பிறந்த தேதியை நம்பாதீர்கள். ஒரே வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பதைப் பார்த்தாலே காரணம் புரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாமா என்று கேட்பவர்கள் பலர். வீடு வீடாக எழுதிய அந்தக் காலப் படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை என்பதால் அங்கே ஒரு குடும்பத்தைத் தேட வழியில்லை.

இவற்றைவிட அவசரமானது, வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம் கேட்டு எழுதி வைப்பது. ஆண்கள் படகையும் பஞ்சாயத்தையும் சொல்வார்கள். யார் யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், எந்தப் பிரசவம் எந்தப் புயலில் நடந்தது என்பதைப் பெண்கள்தான் சொல்வார்கள். 1966 நவம்பர் புயலில் மெரினாவில் கப்பல் தரைதட்டியது, 1943 வெள்ளம் போன்றவற்றைச் சொல்லி, ‘அதற்கு முன்பா, பின்பா’ என்று கேட்டால் ஆண்டுகள் தாமாக வரிசைக்கு வரும். குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். சென்னைக்கு வருமுன் இருந்த ஊர் அதுவாக இருக்கக்கூடும். சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று அது அல்ல. அந்த ஊருக்கு ஒருமுறை போய்ப் பங்காளிகள் யாரேனும் இருக்கிறார்களா என்று விசாரிக்கப் போதுமான காரணம்.

கேள்வி: என் பெரிய தாத்தா 1930களில் கப்பல் வேலைக்குப் போனவர். அவருடைய சி.டி.சி. புத்தகம் (மாலுமியின் கப்பல் பணிகளைப் பதியும் சான்றுப் புத்தகம்) கிடைத்திருக்கிறது. அதில் ‘ராஜுலா’ என்ற கப்பலின் பெயர் அடிக்கடி வருகிறது. மேற்கொண்டு ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?
– வாசகர், காசிமேடு

பதில்: சி.டி.சி. புத்தகம் கிடைத்தது நல்ல வாய்ப்பு. அதில் ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பலின் பெயர், அவர் ஏறிய தேதி, இறங்கிய தேதி, வேலை, நடத்தை பற்றிய முத்திரை ஆகியவை இருக்கும். முதல் பக்கங்களில் உயரம், மச்சம், தழும்பு போன்ற அங்க அடையாளங்களும் இருக்கும். புகைப்படமே இல்லாத குடும்பத்தில் அவருடைய உருவத்தைச் சொல்லும் ஒரே சான்றாக அது இருக்கலாம்.

‘ராஜுலா’ 1926இல் கட்டப்பட்ட கப்பல். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமாகச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் 1973 வரை ஓடியது. அது பிரிட்டிஷ் பதிவுக் கப்பல் என்பதால் மாலுமிகளின் ஒப்பந்தப் பட்டியல்கள் பிரிட்டனுக்குச் சென்றன. 1863 முதல் 1938 வரையிலான பட்டியல்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இப்போது கனடாவின் நியூபவுண்ட்லாந்திலுள்ள கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில் இருக்கின்றன. பத்தில் ஒரு பங்கு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், 5இல் முடியும் ஆண்டுகளுக்கு உரியவற்றில் பெரும்பகுதி கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஆகவே உங்கள் புத்தகத்தில் 1935ஆம் ஆண்டுப் பயணம் இருந்தால் கிரீனிச்சுக்கு எழுதுங்கள், 1934 அல்லது 1936 என்றால் முதலில் கனடாவுக்கு எழுதுங்கள். பட்டியல்கள் கப்பலின் பெயர்ப்படி அடுக்கப்படாமல், பதிவின்போது அதற்குத் தரப்பட்ட அலுவல் எண்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண் சி.டி.சி. புத்தகத்தில் கப்பல் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் துறைமுகங்களில் ஒப்பந்தமானவர்களைத் தனிப் பட்டியலில் எழுதுவது வழக்கம் என்பதால், ‘இந்திய மாலுமிகளின் ஒப்பந்தம் வேண்டும்’ என்று கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருக்கலாமோ அத்தனை வடிவங்களையும், தகப்பனார் பெயரோடு சேர்த்துக் கொடுங்கள்.